கண்ணைப் பார்க்காமலே சொல்லட்டும்

குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “பக்கத்தில் உட்கார்ந்து அன்பாகக் கேட்டாலும் வாயைத் திறக்காத பிள்ளை, டேப்லெட்டைக் கையில் கொடுத்ததும் மடமடவென்று தட்டுகிறது. மனுஷங்களைவிட மெஷின் ஒசத்தியா?” கேள்விக்குள் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. ஆனால் இதில் ஒசத்தி, தாழ்த்தி ஒன்றும் இல்லை. விஷயம் கண்ணில் இருக்கிறது.

பெற்றோரைப் பிரிந்து காப்பகத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ வாழும் பிள்ளைகள் மனசில் இருப்பதைச் சொல்வதற்கென்றே இப்படிச் சில செயலிகள் இருக்கின்றன. பிரிட்டனில் புழங்கும் ‘மைண்ட் ஆஃப் மை ஓன்’ அவற்றில் ஒன்று. பொதுவாக ஏற்பாடு எளிமையானதுதான்: சில முகப் படங்கள், சில கேள்விகள், எழுத ஓர் இடம், கடைசியில் ‘அனுப்பு’ பொத்தான். தட்டினால் சமூகப் பணியாளருக்குப் போய்விடும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் பெரிய வித்தை எதுவும் கிடையாது. வித்தையெல்லாம் பிள்ளையின் தலைக்குள் நடக்கிறது.

பக்கத்தில் இருப்பவரிடம் ‘17 எட்டு எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டு அவர் கண்ணைக் கவனியுங்கள். உங்கள் முகத்தை விட்டு நழுவி மேலேயோ ஓரத்துக்கோ போகும். விடை கூரையில் எழுதியா இருக்கிறது? 1998-இல் உளவியலாளர் ஆர்தர் கிளென்பெர்க்கும் உடன் ஆய்ந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். கேள்வி கடினமாக ஆக, பார்வை விலகுவதும் கூடியது. அப்படி விலக்கிக்கொண்டால் நினைவுக்குக் கொண்டுவருவதும் எளிதானது. காரணம், எதிரில் இருக்கும் முகம் மூளைக்கு வெறும் காட்சி இல்லை. புருவம் நெரிகிறதா, உதடு இறுகுகிறதா, கண் எங்கே போகிறது என்று நாம் சொல்லாமலே மூளை படித்துக்கொண்டிருக்கும். அதற்குச் செலவாகும் கவனம் யோசிக்கும் வேலைக்குக் கிடைக்காது. அதனால் மூளை கண்ணை வேறு பக்கம் திருப்பி அந்த வரவை நிறுத்துகிறது. சத்தமாக ஓடும் டிவியை அணைத்துவிட்டுக் கணக்குப் போடுவது மாதிரி.

இந்தப் பழக்கம் நமக்குப் பிறந்தவுடன் வந்துவிடுவதில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் க்வினித் டோஹர்ட்டி-ஸ்னெட்டன் குழு பார்த்தபோது, 8 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய பெரியவர்கள் அளவுக்குப் பார்வையை விலக்கினார்கள். 5 வயதுப் பிள்ளைகளிடம் அது குறைவு. அப்புறம் 2006-இல் வெளியான ஆய்வில், 5 வயதுப் பிள்ளைகளை யோசிக்கும்போது வேறு பக்கம் பார்க்கப் பழக்கினார்கள். விடைகள் மேம்பட்டன! எனக்கு இந்த ஆய்வின் மேல் தனிப் பிரியம். ஏனென்றால் நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது இதற்கு நேர் எதிர்: “எங்கே, என் கண்ணைப் பார்த்துச் சொல்லு.” பார்க்காவிட்டால் பொய் சொல்கிறான் என்று தீர்ப்பு வேறு. பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்பதற்கும் இதற்கும் நான் பெரிய வித்தியாசம் காணவில்லை.

சரி, இது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதானே? ஆமாம். ஆனால் அடிபட்டு வளர்ந்த பிள்ளைக்கு இன்னொன்றும் சேர்கிறது. அமெரிக்காவில் உளவியலாளர் செத் போலாக் 2002-இல் செய்த சோதனை இது. திரையில் முதலில் தெரிவது வெறும் மங்கல். படிப்படியாக அதிலிருந்து ஒரு முகம் துலங்கும். என்ன உணர்ச்சி என்று பிள்ளை சொல்ல வேண்டும். வீட்டில் அடிவாங்கிய பிள்ளைகள், மற்றவர்களுக்கு இன்னும் சரியாகப் பிடிபடாத கட்டத்திலேயே ‘கோபம்’ என்று கண்டுகொண்டார்கள். அந்தத் திறமை அவர்களுக்கு எப்படி வந்திருக்கும் என்று யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. காப்பகத்துக்கு வரும் எல்லாப் பிள்ளைகளும் அடிபட்டவர்கள் இல்லைதான். ஆனால் அப்படி வந்த ஒருவனுக்கு, அந்த அறையிலேயே அதிகச் சத்தம் போடுவது உங்கள் முகம், நீங்கள் அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தாலும்கூட. திரை அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறது. அவன் எழுதுகிறான், அழிக்கிறான், மறுபடி எழுதுகிறான். அந்த அழித்தலை எந்தப் புருவமும் பார்க்கவில்லை.

பெரியவர்களும் அப்படித்தான். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், கணினித் திரையில் பேசும் பொம்மை உருவத்திடம் மனம் திறக்கச் சொன்னார்கள். தானாக இயங்குகிறது என்று நம்பியவர்கள் அதிகம் சொன்னார்கள். பின்னால் ஓர் ஆள் இருந்து இயக்குகிறார் என்று நினைத்தவர்கள் அடக்கி வாசித்தார்கள். உணர்ச்சிக்குப் பேர் வைப்பதிலும் பலன் உண்டு: 2007-இல் மேத்யூ லீபர்மேன் குழு மூளையைப் படம் பிடித்தபோது, கோப முகத்தைப் பார்த்து ‘கோபம்’ என்று சொல் தேர்ந்தெடுத்தால் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பு குறைந்தது. செயலியில் அந்த முகப் பொத்தான்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு நியாயம். என்னைக் கேட்டால் ‘சொல்லத் தெரியல’ என்று ஒரு பொத்தானும் கட்டாயம் வேண்டும். அதுவும் ஒரு பதில்தானே.

இப்போது என் ஆதங்கம். இதே துறையில், கேமரா வைத்து முகத்தை அளந்து பிள்ளையின் மனசைச் சொல்லிவிடுகிறோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழியாக இருக்கலாம், அறிவியலாக இல்லை. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பேரட்டும் சகாக்களும் 2019-இல் ஏராளமான ஆய்வுகளை அலசி, முக அசைவை மட்டும் வைத்து உணர்ச்சியை நம்பகமாகச் சொல்ல முடியாது என்று காட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பள்ளிகளிலும் பணியிடங்களிலும் இத்தகைய உணர்ச்சி ஊகிப்புக்கு, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் தவிர, 2025 பிப்ரவரி முதல் தடை போட்டிருக்கிறது. முகம் எதிரில் இல்லை என்பதுதான் அந்தப் பிள்ளைக்குத் திரை தந்த நிம்மதி. கேமரா அங்கேயே இமைக்காத ஒரு கண்ணைக் கொண்டுவந்து வைக்கிறது. அதற்குக் கொட்டும் பணத்தில், ‘அனுப்பு’ தட்டிய செய்தியை அன்றைக்கே படித்துப் பதில் போட இன்னும் நான்கு ஆட்களை வைக்கலாம். குழந்தை தன் கருத்தைச் சொல்லவும், அதற்கு உரிய மதிப்புப் பெறவும் உரிமை உண்டு என்று 1989-இன் ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 12-ஆம் பிரிவில் சொல்கிறது. படிக்க ஆளில்லாத செய்திப் பெட்டி முதல் பாதியோடு நின்றுவிடும்.

வாசகிக்கு ஒன்று. டேப்லெட்டில் சார்ஜ் இல்லையென்றால் எதிரில் உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். வண்டியில் போகும்போதோ, இரண்டு பேரும் துணி மடிக்கும்போதோ கேளுங்கள். கேட்டுவிட்டுக் கையில் இருக்கும் வேலையைப் பாருங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமானாலும் திரும்பி முகத்தைப் பார்த்துவிடாதீர்கள்.