பனியையே உதிரிபாகமாக்கிய வண்டி

புதிதாக விழுந்த பனியின் கன அளவில் பத்தில் ஒரு பங்குதான் பனிக்கட்டி. மீதியெல்லாம் காற்று. அதில் காலை வைத்தால் இடுப்பு வரை புதைந்துவிடுவோம். அப்படிப்பட்ட பனியில், இருநூறு கிலோவைத் தாண்டிய ஒரு வண்டி ஆளையும் சுமந்துகொண்டு மலைச்சரிவில் மேல்நோக்கிப் பாய்கிறது. குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஸ்னோமொபைல்களும் இதே இனம்தான் என்றாலும், ஆழப்பனிக்கென்றே செய்த வண்டிகளின் பொறியியல் தனி ரகம். அவற்றில் ஒன்றான ஸ்கீ-டூ சம்மிட் 850 ஈ-டெக் டர்போவை, 2021 மாடலாக வந்த வண்டியை, இங்கே பிரித்துப் பார்ப்போம்.

இதைத் தயாரிக்கும் பி.ஆர்.பி. நிறுவனத்தின் தலைமையகம் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், வல்கூர் என்ற சிற்றூரில் இருக்கிறது. அவ்வூர்க்காரரான ஜோசப்-அர்மான் பொம்பார்டியேயின் சிறு மகன் 1934 குளிர்காலத்தில் நோய்வாய்ப்பட்டான். பனி சாலைகளை மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. குழந்தை இறந்துவிட்டது. பனியில் ஓடும் வண்டி என்பது அதற்கு முன்பே அவருடைய கனவு. 1937-இல் பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் கொண்ட இயக்க முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1959-இல் ஓரிருவர் மட்டும் போகக்கூடிய சிறிய ஸ்கீ-டூ வந்தது. முன்னால் ஸ்கீ எனப்படும் இரண்டு சறுக்குப்பலகைகள், பின்னால் ஒரு ரப்பர் பட்டை என்ற அந்த அமைப்பு இன்று வரை மாறவில்லை.

புதையாமல் இருப்பது எப்படி? எடையைப் பரப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். சம்மிட்டுக்குக் கிடைக்கும் பட்டை அளவுகளில் ஒன்று 165 அங்குல நீளம், 16 அங்குல அகலம். வளையமாகச் சுழலும் அந்தப் பட்டையில் ஒன்றரை மீட்டர் அளவுக்குத் தரையில் படியும். ஆளோடு சேர்த்து 300 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 50 கிராம் அழுத்தம் வருகிறது. 80 கிலோ மனிதர் நடக்கும்போது ஒற்றைக் காலடியில் விழும் அழுத்தமோ 300 கிராமுக்கு மேல்.

மிதந்தால் மட்டும் போதாது, முன்னே தள்ளவும் வேண்டும். அதற்குத்தான் பட்டையில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் துடுப்புகள். கெட்டிப்பட்ட பாதையில் ஓடும் வண்டிகளுக்கு ஒன்றேகால் அங்குல உயரம் போதும். மலை வண்டிகளில் அது மூன்று அங்குலம் வரை போகிறது. துடுப்பு பனியை அழுத்தி இறுக்கி, அப்படி இறுகிய பனியையே உதைத்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளுகிறது. உதைப்பதற்கான பிடிமானத்தை வண்டி தானே உண்டாக்கிக்கொள்கிறது!

என்னை அதிகம் கவர்ந்தது வண்டி திரும்பும் விதம். ஆழப்பனியில் ஸ்கீகளுக்குப் பிடிமானம் குறைவு. ஹேண்டில்பாரைத் திருப்பினால் மட்டும் வண்டி கேட்காது. ஓட்டுபவர் எழுந்து நின்று, ஒரு பக்கப் பலகையில் எடையைப் போட்டு, வண்டியையே அந்தப் பக்கம் சாய்த்து ஓட்டுவார். பல நேரங்களில் ஹேண்டில்பார் எதிர்த்திசையில் திரும்பியிருக்கும். ஆகவே மலை வண்டி எளிதாகச் சாய வேண்டும். பாதை வண்டிகளில் இரு ஸ்கீகளுக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். இதில் அதை 90 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள். பின் சஸ்பென்ஷனும் சற்றே பக்கவாட்டில் சாய்ந்துகொடுக்கும். அப்புறம் பட்டைக்குள் குறுக்கே ஓடும் விறைப்பான கம்பிகளை இரு ஓரங்கள் வரை கொண்டுபோகாமல் நிறுத்திவிட்டார்கள். வண்டி சாயும்போது பட்டையின் விளிம்பு வளைந்துகொடுக்கிறது. கம்பியைக் கொஞ்சம் குட்டையாக்கியதில் வண்டியின் சுபாவமே மாறுகிறது. நல்ல பொறியியல் என்று நான் நினைப்பது இதைத்தான்.

இனி எஞ்சின். 849 சிசி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். எடைக்கு எடை அதிக சக்தி தருவதால்தான் கார்களும் பைக்குகளும் கைவிட்ட டூ-ஸ்ட்ரோக் இங்கே இன்னும் வாழ்கிறது. பழைய டூ-ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகையோடு வெளியேறி வீணாகும். இதில் எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் அந்த விரயமும் புகையும் வெகுவாகக் குறைகின்றன.

டர்போ என்றதும் வேகத்துக்காக என்று தோன்றும். 2021 மாடலில் நோக்கம் வேறு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. 8,000 அடி உயரத்தில் சாதாரண எஞ்சின் தன் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கை இழந்துவிடும். 165 குதிரைத்திறன் 125 அளவுக்கு இறங்கும். பனி மிக ஆழமாக இருக்கும் இடத்தில் எஞ்சின் மிகப் பலவீனமாக இருக்கும். புகையின் வேகத்தில் சுழலும் டர்போ, மெலிந்த காற்றை அமுக்கி உள்ளே அனுப்பி அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. டர்போ இல்லாத வண்டி கடல்மட்டத்தில் தரும் அதே 165 குதிரைத்திறனை இது 8,000 அடி வரை தருகிறது.

அந்தச் சக்தியைப் பட்டைக்குக் கொண்டுபோவது பெல்ட். ஆக்டிவா, ஸ்கூட்டியில் இருக்கும் அதே சி.வி.டி. தத்துவம்தான், அதாவது கியரே மாற்றாமல் பெல்ட்டின் நிலையால் வேக விகிதத்தை மாற்றும் முறை. எஞ்சின் பக்கப் புல்லியில் இருக்கும் எடைகள் சுழலச் சுழல வெளியே விரிந்து, புல்லியின் இரு தட்டுகளையும் நெருக்கி பெல்ட்டை மேலே ஏற்றும். சரிவு கடுமையாகிப் பளு கூடினால், எதிர்ப்பக்கப் புல்லி அந்த முறுக்கை உணர்ந்து பெல்ட்டை இறுக்கிப் பழைய நிலைக்கு இழுக்கும். இந்த இழுபறியில் எஞ்சின், தன் முழு சக்தி கிடைக்கும் நிமிடத்துக்கு 8,000 சுற்றுகளை ஒட்டியே நிற்கிறது. கியர் மாற்றும் ஒரு நொடியில் ஆழப்பனி வண்டியை நிறுத்திவிடக்கூடும் என்பதால் இது வசதிக்காக வைத்ததல்ல, அவசியம்.

வெப்பத்தைக் கையாளும் முறைதான் இந்த வண்டியின் ஆகப் பெரிய சாமர்த்தியம். கார்களில் இருப்பது போன்ற காற்று ரேடியேட்டரை இது நம்பியிருப்பதில்லை. எஞ்சினைச் சுற்றிவந்த சூடான குளிர்திரவம், பட்டைக்கு மேலே கூரைபோல் இருக்கும் அலுமினியக் கூண்டில் பொருத்திய குழாய்கள் வழியாக ஓடுகிறது. பட்டை வாரியடிக்கும் பனி அங்கே மோதி உருகுகிறது. ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வேண்டும். அது ஒரு லிட்டர் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கும் வெப்பத்துக்குச் சமம். காற்றால் அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ள முடியாது. பட்டை வழுக்கிச் செல்லும் பிளாஸ்டிக் சட்டங்களுக்கு மசகும் இந்தப் பனியும் உருகிய நீரும்தான்.

ஆக, பனி இல்லாவிட்டால் வண்டி சூடேறும், சட்டங்கள் உரசி உருகும். உறைந்த ஏரியிலும், வசந்தகாலத்தில் கெட்டிப்பட்ட பாதையிலும் இதுதான் தொல்லை. பனி நிறைய இருக்கும், உதிரிப்பனி இருக்காது. இதற்குத் தீர்வு மிக எளிமையானது. வண்டியின் அடியில் பின்னோக்கி வளைந்த சுருள்கம்பிகளைப் பொருத்தி, அவற்றின் நுனி தரையைக் கீறும்படி விடுகிறார்கள். கீறிய துகள்களைப் பட்டை அள்ளி மேலே வீச, வெப்பமானி முள் இறங்குகிறது. கடினப் பரப்பில் ஓட்டப் போகிறவர் கிளம்பும் முன் அந்தக் கம்பிகளைத் தரையில் படும்படி இறக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும்.