ஒரு புள்ளியின் அக்கம்பக்கம்

ஒரு சிலையை லேசர் ஸ்கேனரால் பதிவு செய்கிறோம் என்று வையுங்கள். ஒரே இடத்தில் நின்றபடி முழுச் சிலையையும் பார்த்துவிட முடியாது. முன்னாலிருந்து ஒரு பதிவு, பக்கவாட்டில் ஒன்று, தாடைக்குக் கீழே கருவியைச் சாய்த்து இன்னொன்று என்று எடுத்துக்கொண்டே போக வேண்டும். மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையை 1999இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு பதிவு செய்தபோது, 480 தனித்தனிப் பதிவுகள் தேவைப்பட்டன.

ஒவ்வொரு பதிவும் ஒரு புள்ளிமேகம். லட்சக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள் மட்டுமே. "நான் மூக்கு நுனி", "நான் காது மடல்" என்று எந்தப் புள்ளியும் சொல்வதில்லை. கருவி நின்ற இடம் மாறியதால் அந்த எண்களும் பதிவுக்குப் பதிவு மாறிவிடுகின்றன. இரண்டு பதிவுகளை ஒட்ட வேண்டுமானால், இதிலுள்ள எந்தப் புள்ளி அதிலுள்ள எந்தப் புள்ளியோடு ஒரே இடத்தைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தனிப் புள்ளியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது. அதைச் சுற்றியுள்ள புள்ளிகளைத்தான் விசாரிக்க வேண்டும்.

அக்கம்பக்கத்துப் புள்ளிகளும் முழுக்க நம்பத்தக்க சாட்சிகள் அல்ல. ஒளிக்கதிர் இரண்டாம் முறை அதே இடத்தில் விழுவதில்லை. பளபளப்பான பரப்பில் அளவு பிசகும். ஓரங்களில் கதிரின் பாதி முன்பரப்பிலும் பாதி பின்பரப்பிலும் பட்டு, எங்குமே இல்லாத புள்ளி ஒன்று அந்தரத்தில் முளைக்கும். 2010இல் வந்த கினெக்ட் போன்ற, பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ஆழக் கேமராக்களில் தூரத்தின் இருமடிக்கு ஏற்பப் பிழை வளர்கிறது. இந்த இரைச்சலுக்கு நடுவே வடிவத்தை எப்படிப் படிப்பது?

முதல் படி, பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்பது. ஒரு புள்ளியைச் சுற்றி ஓர் ஆரம் வைத்து, அதற்குள் விழும் புள்ளிகளின் மேல் மிகப் பொருத்தமாகப் படியும் தட்டையான தளம் ஒன்றைப் பொருத்துகிறோம். அந்தத் தளத்துக்குச் செங்குத்தான திசைதான் பரப்பு பார்க்கும் திசை. அது உள்நோக்கியா வெளிநோக்கியா என்பதைத் தளம் சொல்லாது. ஸ்கேனர் நின்ற பக்கம் எதுவோ அதுவே வெளி என்று எடுத்துக்கொள்கிறோம்.

எல்லா வேலையும் அந்த ஆரத்தில்தான் இருக்கிறது. புள்ளிகளில் 1 மில்லிமீட்டர் இரைச்சல் இருக்கிறது, 3 மில்லிமீட்டர் ஆரத்துக்குள் 10 புள்ளிகள் விழுகின்றன என்று கொள்வோம். பொருத்திய தளம் ஏறத்தாழ 12 பாகை வரை ஆடும். ஆரத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு புள்ளிகள் வாக்களிக்கும், அவை இரண்டு மடங்கு தள்ளியும் நிற்கும். நான்கு மடங்கு புள்ளிகள் ஆட்டத்தைப் பாதியாக்கும், இரண்டு மடங்கு தூரம் அதை மீண்டும் பாதியாக்கும். ஆகவே ஆட்டம் நான்கில் ஒன்றாகக் குறையும். 30 மில்லிமீட்டர் ஆரத்தில் அது ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்குதான். அப்படியானால் ஆரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே? போகலாம், பரப்பு உண்மையிலேயே தட்டையாக இருந்தால். காது மடலில் 30 மில்லிமீட்டர் எடுத்தால் மடலின் முன்பக்கம், பின்பக்கம், கன்னம் எல்லாம் ஒரே தளத்துக்குள் அமுக்கப்படும். ஒரு புள்ளியின் அக்கம்பக்க வடிவத்தை எண்களில் விவரிக்கும் முறைகளில் எது சிறந்தது என்று நிறைய விவாதம் நடக்கிறது. என் கணிப்பில், நல்ல முறைக்குத் தவறான ஆரம் கொடுப்பதைவிட எளிய முறைக்குச் சரியான ஆரம் கொடுப்பது மேல்.

இனி வடிவத்துக்குக் கையெழுத்து போட வேண்டும், அதாவது ஒவ்வொரு புள்ளியின் அக்கம்பக்கத்தையும் அடையாளம் காட்டும் எண்களின் தொகுப்பு ஒன்றை எழுத வேண்டும். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜான்சன் 1997இல் முன்வைத்த சுழல் படிமம் எனக்கு மிகப் பிடித்தது. புள்ளியில், பரப்புக்குச் செங்குத்தாக ஒரு குச்சியை நடுங்கள். குச்சியில் ஒரு கதவைப் போல ஒரு தாளை மாட்டி முழுச் சுற்று சுழற்றுங்கள். சுற்றியுள்ள ஒவ்வொரு புள்ளியும் தாளில் எங்கே இடிக்கிறதோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். குச்சியிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்ற இரண்டு எண்கள் தாளில் பதிகின்றன. எந்தப் பக்கத்திலிருந்து வந்து இடித்தது என்பது மறக்கப்படுகிறது. அந்த மறதிதான் இதன் பலம்: சிலையை எப்படித் திருப்பி வைத்தாலும் தாளில் விழும் கோலம் ஒன்றே.

தாளைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணினால் போதும். ஒரு புள்ளி சற்றே நகர்ந்தாலும் பெரும்பாலும் அதே கட்டத்துக்குள்தான் இருக்கும். இரைச்சல் அங்கே அடங்கிவிடும். கட்டத்தின் கோட்டுக்கு அருகே நிற்பவை மட்டும் தொல்லை தரும், மயிரிழை அசைவில் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். அதனால் ஒரு புள்ளியை ஒரே கட்டத்தில் போடாமல், அருகிலிருக்கும் கட்டங்களுக்கு அதன் எடையைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். சின்ன ஏற்பாடு, ஆனால் பொருத்தத்தின் தரத்தை நன்றாக உயர்த்தும்.

2009இல் ராடு ருசுவும் சகாக்களும் கொண்டுவந்த எஃப்.பி.எஃப்.எச். முறை வேறு வழியில் போகிறது. புள்ளி, அதன் அண்டைப் புள்ளி ஆகிய இரண்டின் செங்குத்துத் திசைகளையும் அவற்றை இணைக்கும் கோட்டையும் கொண்டு மூன்று கோணங்களை அளந்து, ஒவ்வொன்றையும் 11 பிரிவுகளில் எண்ணுகிறது. மொத்தம் 33 எண்கள், அவ்வளவே கையெழுத்து. 2010இல் வந்த ஷாட் முறை எதையும் எளிதில் மறப்பதில்லை. புள்ளியிடத்தில் மூன்று அச்சுகளை நிறுவி, சுற்றுவெளியை 32 அறைகளாக வெட்டி, 352 எண்களில் எழுதுகிறது. விவரம் கூடுகிறது, ஆபத்தும் கூடுகிறது. பந்தின் மேற்பரப்பு போன்ற இடத்தில் பக்கவாட்டு அச்சு எந்தத் திசையிலும் நிற்கலாம். இரைச்சல் அதைத் திருப்பிவிட்டால், அறைகள் எல்லாம் இடம் மாறி, கையெழுத்தே வேறாகிவிடும்.

அடுத்தது ஒப்பீடு. இந்தப் பதிவின் ஒவ்வொரு கையெழுத்துக்கும் அந்தப் பதிவில் மிக நெருக்கமானதைத் தேடுகிறோம். கிடைக்கும் ஜோடிகளில் பெரும்பாலானவை தவறாக இருப்பது சாதாரணம். தட்டையான நெற்றியில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியைப் போலவே கையெழுத்திடும். ஆகவே எந்தத் தனி ஜோடியையும் நம்பாமல், ஜோடிகளுக்குள் ஒற்றுமை இருக்கிறதா என்று பார்க்கிறோம். 1981இல் ஃபிஷ்லரும் போல்ஸும் தந்த ரான்சாக் முறை இங்கே கைகொடுக்கிறது. மூன்று ஜோடிகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அவை சொல்லும் திருப்பத்தையும் நகர்வையும் மேகம் முழுவதற்கும் கொடுத்து, எத்தனை ஜோடிகள் அதை ஆமோதிக்கின்றன என்று எண்ணுகிறது.

ஜோடிகளில் பாதி சரி என்றால், நல்ல மூன்று ஒருமுறையாவது அமைய 99 விழுக்காடு வாய்ப்புக்கு 35 முயற்சிகள் போதும். பத்தில் ஒன்றுதான் சரி என்றால் சுமார் 4,600. நூறில் ஒன்று என்றால் 46 லட்சம். கையெழுத்து எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த மூன்று எண்கள்தான் விடை. நூறில் ஒன்றைப் பத்தில் ஒன்றாக்கினால் வேலை ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. இன்னொரு எளிய சலிப்பும் உண்டு. இந்தப் பதிவில் இரு புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரம் அந்தப் பதிவிலும் அதேதான் இருக்க வேண்டும். அப்படிப் பொருந்தாத மூன்று ஜோடிகளை மேகத்தைத் தொடாமலே தள்ளிவிடலாம்.

கிட்டத்தட்டச் சரியான நிலை கிடைத்ததும் 1992 முதல் புழக்கத்தில் உள்ள ஐ.சி.பி. முறை மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது: நெருங்கிய புள்ளிகளைச் சேர், நகர்த்து, மீண்டும் சேர். தொடக்கம் மோசமாக இருந்தால் இது தவறான பொருத்தம் ஒன்றில் போய் உட்கார்ந்துவிடும். முன்னால் அத்தனை பாடுபட்டது அதற்காகத்தான்.

கையெழுத்தை மனிதர் வடிவமைக்காமல் கணினியின் செயற்கை நரம்பு வலைகளே கற்றுக்கொள்ளும் முறைகளும் வந்துவிட்டன. 2017இல் வெளியான 3டிமேட்ச் அவற்றில் முக்கியமானது. பழகிய வகைக் காட்சிகளில் இவை எஃப்.பி.எஃப்.எச். முறையின் 33 எண்களை வெகுவாக முந்துகின்றன. புள்ளிகளின் அடர்த்தியோ கருவியின் இயல்போ மாறினால் தடுமாறக்கூடும்.

எந்த முறையாலும் தீராத இடம் ஒன்று உண்டு. நீண்ட, வெறுமையான இரு சுவர்களுக்கு நடுவே எடுத்த பதிவுகளைச் சுவரின் போக்கில் எவ்வளவு சறுக்கினாலும் பொருத்தம் கெடாது. அந்தத் திசையைப் பற்றிய செய்தி புள்ளிகளிலேயே இல்லை. நல்ல மென்பொருள் செய்யக்கூடியது, எந்தத் திசையில் விடை உறுதி, எந்தத் திசையில் நழுவுகிறது என்று கணக்கிட்டுச் சொல்வது. நழுவும் திசைக்கு, கருவியைச் சுமந்து செல்லும் வண்டியின் சக்கரச் சுழற்சி எண்ணிக்கையோ வேறொரு உணரியோதான் பதில் தர வேண்டும்.