அரைநிலால இருந்து நட்சத்திரம் வரைக்கும் ஒரே கணக்கு

பூமியோட நிழல் விழுறதாலதான் நிலா தேயுதுன்னு இன்னும் நிறைய பேர் நினைக்கிறாங்க, அது கிரகணத்தன்னைக்கு மட்டும்தாங்க. நிலாவுல பாதி எப்பவுமே வெயில்லதான் இருக்கு, அது நம்மள சுத்தி வர்றப்ப அந்த வெளிச்சப் பாதியில எவ்ளோ நம்ம பக்கம் தெரியுதோ அதுதான் பிறை.

இதுல அஷ்டமி வாக்குல வர்ற சரிபாதி நிலா இருக்கே, அதுல ஒரு பெரிய விஷயம் இருக்கு. அந்த நேரத்துல பூமி, நிலா, சூரியன் மூணையும் கோடு போட்டு இணைச்சா நிலாகிட்ட சரியா 90 டிகிரி வரும். கி.மு. 3ஆம் நூற்றாண்டுலயே கிரேக்கத்து அரிஸ்டார்கஸ் இத புடிச்சிட்டாரு! நம்ம பக்கத்து கோணத்த 87 டிகிரின்னு எடுத்துகிட்டு, நிலாவ விட சூரியன் சுமார் 19 மடங்கு தூரம்னு சொன்னாரு. நிஜத்துல அந்த கோணம் 89.85, தூரம் கிட்டத்தட்ட 390 மடங்கு. மூணு டிகிரி கூட தப்பல, ஆனா விடை எங்கயோ போயிடுச்சு. வழி என்னவோ ரொம்ப சரி.

நட்சத்திரத்தோட தூரத்த அளக்கவும் அதே மாதிரி முக்கோணம்தான். கட்டைவிரல நீட்டி ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க, விரல் பின்னாடி இருக்குற சுவர்ல இடம் மாறுற மாதிரி தெரியும். வானத்துல ரெண்டு கண்ணுக்கு பதிலா ஜனவரியும் ஜூலையும், ஆறு மாசத்துல பூமி சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிடும், நடுவுல 30 கோடி கிலோமீட்டர். அப்படி இருந்தும் நகர்வு ரொம்ப ரொம்ப சின்னது. 1838ல ஜெர்மன்காரர் பெஸ்ஸல் 61 சிக்னிங்கிற நட்சத்திரத்துக்கு அளந்தது (மொத்த நகர்வுல பாதி) வெறும் 0.31 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரிய 3600 பங்கு போட்டா அதுல ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்), முழுநிலாவோட அகலத்த ஆறாயிரம் துண்டு போட்டா அதுல ஒண்ணு! இந்த ஒன்னுக்காக மாசக்கணக்கா ராத்திரி கண்முழிச்சி அளந்திருக்காரு, எனக்கு அதுதான் பெரிய மலைப்பு.

அப்புறம் கணக்கு ரொம்ப ஈசி, 3.26ஐ அந்த ஆர்க்செகண்டால வகுத்தா தூரம் ஒளியாண்டுல (ஒளி ஒரு வருஷத்துல போற தூரம்) வந்துரும். ப்ராக்ஸிமா செண்டாரிங்கிற நட்சத்திரத்துக்கு 0.77, அதனால 4.2 ஒளியாண்டு, சூரியன விட்டா நமக்கு பக்கத்து வீடு அதுதான். தூரம் கூடக் கூட கோணம் சுருங்கிடும், காத்து வேற படத்த கலங்கடிக்கும், அதனாலதான் 2013ல ஐரோப்பாகாரங்க கையா விண்கலத்த மேலயே அனுப்பி நூறு கோடிக்கும் மேல நட்சத்திரங்கள அளந்தாங்க.