கைலி கட்ட ஒன்பது வாரம்

“நெல்லு மூட்டைய அலேக்கா தூக்கிடுவான் சார். கைலி கட்டச் சொன்னா மட்டும் மரமாட்டம் நிப்பான். எல்லாம் திமிரு.”

திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமத்தில் ஓர் அம்மா, தெரபிஸ்டான என்னிடம் சொன்னது. மகனுக்கு 34 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

கட்டச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். சரி. அப்புறம் வலது கை போக இடம் தெரியாமல் அந்தரத்தில் நின்றது. பின்னாலிருந்து அம்மா, “மடிடா, சுருட்டுடா, சொருகுடா!” கைலி நழுவி விழுந்தது.

கையில் பலம் இருக்கிறது, சொல்வதும் புரிகிறது. எந்தக் கை முதலில், எவ்வளவு இறுக்கம், அடுத்து என்ன என்று மூளை முன்கூட்டிப் போடும் கணக்குதான் கூடிவரவில்லை. இதை இயக்கத் திட்டமிடல் என்போம். மூட்டை தூக்குவது வருடக்கணக்கில் பழகிய வேலை. ஊர்ப் படித்துறையிலும் சரசரவென்று இறங்குவார். ஆடிப்பெருக்குக்குக் கும்பகோணம் கூட்டிப்போனால் முதல் படியிலேயே நின்றுவிடுவாராம். படியின் உயரம் மாறினால் பழைய கணக்கு உதவாது.

கடைசியிலிருந்து ஆரம்பித்தோம். அம்மா எல்லாம் கட்டிவிட்டு, நுனியைச் சொருகுவதை மட்டும் அவருக்கு விட்டார். அதனால் ஒவ்வொரு நாளும் வேலை அவர் கையிலேயே முடிந்தது. அது படிந்ததும் சுருட்டல், பிறகு மடிப்பு. எதிரில் நின்று காட்டினால் இடம் வலம் குழம்பும். பின்னால் நின்று அவர் கைமேல் கை வைத்தோம். வழுக்கும் பாலியஸ்டர் கைலிக்குப் பதில் பருத்திக் கைலி. பேச்சு கிடையாது. ஒன்பது வாரத்தில் மூன்று வாரம், அம்மா பேசாமலிருக்கப் பழகியதற்கே போயிற்று.

தெரபி சின்னப் பிள்ளைகளுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களும் சேரலாம், தெரபி செலவும் அதில் அடங்கும்.

இன்னொன்று. இதுவரை செய்துகொண்டிருந்த வேலை திடீரென்று வராமல் போனால் பயிற்சியைத் தொடங்காதீர்கள், முதலில் டாக்டரிடம் போங்கள். பார்வை மங்கியிருக்கலாம், வலிப்பு மாத்திரை கையை மந்தமாக்கியிருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவு சகஜம். அவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதிலேயே அல்சைமர் என்ற மறதிநோய் தொடங்குவதும் உண்டு. அவர்கள் நடை மாறினால் கழுத்துப் பகுதி முதுகெலும்பையும் பார்க்க வேண்டும். எந்த வேலை, எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.