பெய்ஜிங்குக்கு அக்டோபர் நல்ல மாதம்தான், முதல் வாரம் மட்டும் வேண்டாம்

சென்ற செப்டம்பர் இறுதியில் ஒரு குடும்பம் என் பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்கு வந்தது. கணவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியுள்ள எழுபது வயதுத் தாயார். பெய்ஜிங் செல்ல விமானச் சீட்டைத் தாங்களே இணையத்தில் எடுத்திருந்தார்கள், அதுவும் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காத சீட்டு. செப்டம்பர் 30 இரவு புறப்பாடு, அக்டோபர் 6 திரும்புதல். “பெய்ஜிங்குக்கு அக்டோபர்தானே சார் சிறந்த மாதம்?” என்று கணவர் பெருமிதத்துடன் கேட்டார். அந்தப் பருவத்தில் இதே தவற்றுடன் வந்த நான்காவது குடும்பம் அது. அவரிடம் காட்ட முடியாத எரிச்சலை இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் சிறந்த மாதம் என்பது பொய்யன்று. மழை ஓய்ந்துவிடும், பகல் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியிருக்கும், வானம் தெளிந்திருக்கும். ஆனால் அந்தச் சிறப்பு சீன மக்களுக்கும் தெரியும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1949 அக்டோபர் 1 அன்று சீன மக்கள் குடியரசு நிறுவப்பட்டதைக் கொண்டாடும் தேசிய நாளையொட்டி அங்கே ஒரு வாரம் விடுமுறை. 1999 முதல் இதைப் ‘பொன் வாரம்’ என்கிறார்கள். 2025-இல் நடு இலையுதிர்காலப் பண்டிகையும் சேர்ந்துகொண்டதால் அது எட்டு நாளாக நீண்டது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பயணம் புறப்படும் அந்த நாள்களில் தியனன்மென் சதுக்கத்தைக் காணப் பல மாகாணங்களிலிருந்தும் மக்கள் குவிகிறார்கள். வானிலை அட்டவணையில் இந்தக் கூட்டம் தெரியாது. சராசரி வெப்பநிலையையும் மழையளவையும் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், முகூர்த்த நாளன்று திருமண மண்டபம் காலியாக இருக்கும் என்று எண்ணுபவர்களைப் போன்றவர்கள்.

கூட்டம்தானே, இடித்துப் பிடித்துப் பார்த்துவிடலாம் என்பார்கள். முடியாது. ‘ஃபர்பிடன் சிட்டி’ என்று நாம் அறிந்த அரண்மனை அருங்காட்சியகத்தில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. அண்மை ஆண்டுகளில் அது 40,000. அனுமதிச் சீட்டைக் கடவுச்சீட்டு எண்ணுடன் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். ஏழு நாள்களுக்கு முன்பு இரவு எட்டு மணிக்கு, அதாவது இந்திய நேரப்படி மாலை ஐந்தரைக்கு, பதிவு தொடங்கும். பொன் வாரத்துக்கான சீட்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ந்துவிடும், வாசலில் நின்று கெஞ்சிப் பயனில்லை. அந்தக் குடும்பம் அரண்மனையின் மஞ்சள் கூரைகளை ஜிங்ஷான் குன்றின் மேலிருந்துதான் பார்த்தது. ஏற முடியாத தாயார் அடிவாரத்தில் ஒரு பெஞ்சில் காத்திருந்தார்.

என்னைக் கேட்டால் அக்டோபர் 10-க்குப் பிறகு நவம்பர் முதல் வாரம் வரை என்பேன். சியாங்ஷான் மலையில் இலைகள் சிவப்பதும் அக்டோபர் கடைசியில்தான், ஆனால் அங்கே சனி, ஞாயிறுகளில் போகாதீர்கள். நகரின் மையச் சூடேற்றும் அமைப்பு வழக்கமாக நவம்பர் 15 அன்றுதான் இயங்கத் தொடங்கும். அதனால் நவம்பர் தொடக்கத்தில் ஹூடோங் சந்துகளிலுள்ள பழைய முற்றத்து வீடுகளில் தங்குபவர்கள், அறையில் தனிச் சூடேற்றி இருக்கிறதா என்று கேட்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

ஏப்ரல் இரண்டாம் பாதியும் நல்லதே. ஆனால் வசந்த காலத்தில் மங்கோலியப் பக்கத்திலிருந்து புழுதிப் புயல் வரும். 2021 மார்ச் 15 அன்று நகரமே செம்மஞ்சளாகிப் போனது. அதைத் தொடர்ந்து பாப்லர், வில்லோ மரங்களின் பஞ்சு காற்றில் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மே 1-ஐ ஒட்டிய விடுமுறை நாள்களில் கூட்டம் மீண்டும் அலைமோதும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் நானாக யாரையும் அனுப்புவதில்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி அப்போதுதான் கொட்டுகிறது. 2023 ஜூலை இறுதியில் பெய்த பெருமழையில் மலைப்புறப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின, பெருஞ்சுவர் இருப்பதோ அந்த மலைகளில்தான். சீனப் பள்ளிகளுக்கும் அப்போது விடுமுறை.

குளிர்காலத்தைப் பற்றி நம்மவர்களிடம் வேறொரு தவறான எண்ணம் இருக்கிறது, பனிமழையைக் காணப் போகிறோம் என்று. ஜனவரியில் இரவு வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும் என்றாலும் காற்று மிகவும் வறண்டது, பனி பொழிவது அரிது. ஷிச்சாஹாய் ஏரி உறைந்து, அதன்மேல் சறுக்கி விளையாடுவார்கள், அது போதாதா? குளிரைத் தாங்கக்கூடியவர்களுக்கு, சீனப் புத்தாண்டு நெரிசல் தொடங்குமுன் வரும் ஜனவரி நாள்களில் அரண்மனையை நிம்மதியாகச் சுற்றிப் பார்க்க முடியும்.

அடுத்த ஆண்டின் விடுமுறை நாள்களைச் சீன அரசு பெரும்பாலும் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே அறிவித்துவிடும். தயவுசெய்து விமானச் சீட்டு எடுக்கும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள், அல்லது என்னைப் போன்ற ஒருவரை அழைத்துக் கேளுங்கள், கேட்பதற்குக் கட்டணம் இல்லை. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஐந்தாவது குடும்பம் நேற்று வந்தது, அவர்கள் பெய்ஜிங்கில் தங்கவிருக்கும் ஒரே முழு நாள் திங்கள்.