டைவிங் போவதற்கு எத்தனை நாள் முன்னால் சிகரெட்டை விட வேண்டும்?

அந்தமானிலோ புதுச்சேரியிலோ ஸ்கூபா டைவிங் செய்யப் போகிறவர்கள் தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒரு மருத்துவப் படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கும். இப்போது பல பயிற்சி நிறுவனங்கள் பயன்படுத்துவது 2020ல் திருத்தப்பட்ட படிவம். அதில் 45 வயதைத் தாண்டியவர்களிடம் ஒரு கேள்வி உண்டு: இப்போது புகைபிடிக்கிறீர்களா, அல்லது வேறு வழியில் நிகோடின் எடுத்துக்கொள்கிறீர்களா? ஆம் என்றால் மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படித்தான் பலர் என்னைப் போன்ற நுரையீரல் மருத்துவர்களிடம் வந்து சேருகிறார்கள். "டாக்டர், அடுத்த வாரம் ஃப்ளைட். ஒரு சைன் மட்டும் போட்டுக் குடுங்க" என்பார்கள்.

45க்குக் கீழே இருப்பவர்களிடம் அந்தக் கேள்வி வராது. அதனால் இளைஞர்களுக்கு சிகரெட் ஒரு பொருட்டில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அதே படிவத்தில் வயது வித்தியாசமில்லாமல் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: கடந்த 12 மாதங்களில் அடிக்கடி மூச்சுக்குழல் அழற்சி வந்து, இருமலும் இருக்கிறதா? தினமும் காலையில் எழுந்ததும் இருமி, சளி துப்பிவிட்டு வேலைக்குப் போகிற 28 வயதுக்காரர் அங்கே யோசிக்காமல் 'இல்லை' என்று குறித்துவிடுகிறார். அது அவருக்கு நோயாகவே தோன்றுவதில்லை. "எல்லாருக்கும் வர்றதுதானே டாக்டர்" என்கிறார். இல்லை, எல்லோருக்கும் வருவதில்லை. புகைபிடிக்காத ஆரோக்கியமான ஒருவருக்குக் காலைச் சளி என்று ஒன்று கிடையாது.

சரி, எத்தனை நாள் முன்னால் விட வேண்டும்? "முந்தின நாள் ராத்திரியோட நிறுத்திட்டா போதும்ல?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அது பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிகரெட் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். நிறைய பிடிப்பவர்களின் ஹீமோகுளோபினில் 5 முதல் 10 சதவீதம் வரை இப்படி ஆக்சிஜன் ஏற்ற முடியாமல் முடங்கிக் கிடக்கும். டைவிங் சிலிண்டரில் நிரப்பும் காற்றுக்கு அமெரிக்காவில் பின்பற்றும் தரத்தின்படி, கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் கிளினிக்கில் மூச்சை ஊதி இந்த வாயுவை அளக்கும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவர் ஊதினால் அது பத்து லட்சத்தில் 20, 25 பங்கு என்று காட்டுவது சாதாரணம். அதாவது அவர் வெளியே விடும் மூச்சை ஒரு சிலிண்டரில் பிடித்து வைத்தால், 'இந்தக் காற்று டைவிங்குக்கு ஆகாது' என்று ஒதுக்க வேண்டியிருக்கும். இதைச் சொன்னதும் பலருக்கு முகம் மாறும். சிலிண்டர் காற்று சுத்தமானதா என்று இன்ஸ்ட்ரக்டரிடம் துருவித் துருவிக் கேட்கிறவர்கள்தான் இவர்கள்.

ஓய்வாக இருக்கும்போது, இந்த வாயு உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 4 முதல் 6 மணி நேரம் ஆகும். ஒரு நாள் முழுக்கப் புகைக்காமல் இருந்தால் பெரும்பாலும் போய்விடும். முந்தின நாள் நிறுத்துவதால் கிடைக்கும் பலன் இவ்வளவுதான். காலையில் படகுத்துறையில் டீயோடு ஒன்று பற்றவைத்தால் அதுவும் இல்லை.

தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலில் சங்கு குளிக்கிறவர்களுக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது. படகில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று இழுக்கிற முறையில், என்ஜின் புகை, காற்று உள்ளே போகும் வாய்ப் பக்கம் வந்தால் கீழே இருப்பவர் சுவாசிப்பது கார்பன் மோனாக்சைடைத்தான். மேலே வந்ததும் பீடி. பீடிப் புகையில் இந்த வாயு சிகரெட்டில் இருப்பதை விட அதிகம். சுற்றுலா போகிறவர் வருடத்தில் ஓரிரு நாள் செய்வதை இவர்கள் பிழைப்பாகச் செய்கிறார்கள். இவர்களுக்கு எந்தப் படிவமும் கிடையாது, யாரும் ஊதிப் பார்க்கச் சொல்வதும் கிடையாது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம்.

இனி அந்த மீதிப் பாதி. ஒரு ராத்திரியில் தீராதது மூச்சுக்குழல்களில்தான் இருக்கிறது.

டைவிங்கில் கீழே இறங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நுரையீரலுக்கு ஆபத்தான நேரம் மேலே வரும் நேரம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நிறைய இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் முதல் வகுப்பிலேயே 'மூச்சை அடக்காதே, விட்டுக்கொண்டே மேலே வா' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆரோக்கியமான நுரையீரலில் அந்தக் கூடுதல் காற்று தானாக வெளியேறிவிடும்.

வருடக்கணக்கில் புகைபிடித்தவரின் சிறிய மூச்சுக்குழல்கள் உள்ளே வீங்கி, சளி படிந்து, குறுகிப் போயிருக்கும். சில இடங்களில் சளிக்கட்டி சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி நிற்கும்: காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அவர் வாயால் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டே ஏறினாலும், அந்த அடைப்புக்குப் பின்னால் இருக்கும் காற்றறைகளில் காற்று விரிந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் சுவர் கிழியும். கிழிந்த இடத்தைப் பொறுத்து, காற்று நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் புகுந்து நுரையீரலைச் சுருங்க வைக்கலாம், கழுத்துத் தோலுக்கு அடியில் வந்து நிற்கலாம். மிக மோசமானது, காற்றுக் குமிழி ரத்தக் குழாய்க்குள் போய் மூளையை அடைவது. தண்ணீரிலிருந்து தலை வெளியே வந்த சில நிமிடங்களுக்குள் நினைவிழப்பார், அல்லது பக்கவாதம் போல ஒரு பக்கம் விழுந்துவிடும்.

"நான் 12 மீட்டர்தான் டாக்டர் போறேன், டிஸ்கவர் டைவ்தான்" (முதல்முறை போகிறவர்களுக்கான அறிமுக டைவ்) என்று சொல்பவர்களுக்கு: அழுத்த விகிதம் மிக வேகமாக மாறுவது கடைசி 10 மீட்டரில்தான். மூச்சை முழுக்க அடக்கிக்கொண்டு ஏறினால் ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து வந்தாலும் நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. ஆழம் குறைவு என்பது இந்த விபத்துக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

புகைபிடிக்கிற எல்லோருக்கும் இது நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. புகைபிடித்துக்கொண்டே டைவ் செய்து நலமாகத் திரும்புகிறவர்கள் ஏராளம். ஆனால் யாருக்குள்ளே அந்த அடைப்பு இருக்கிறது என்று வெளியே பார்த்துத் தெரியாது. இதை நான் எல்லோரிடமும் கட்டாயம் சொல்லிவிடுகிறேன்.

காதும் இதில் சேர்ந்ததே. புகை, மூக்கின் பின்புறச் சவ்வை வீங்க வைக்கும். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் சரியாகத் திறக்காது. இறங்கும்போது காதில் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாமல் 3 மீட்டரிலேயே வலியோடு திரும்புகிறவர்களில் புகைபிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. கழுத்தளவு தண்ணீரில் இறங்கியதுமே கால்களிலிருந்து அரை லிட்டருக்கு மேல் ரத்தம் நெஞ்சுப் பகுதிக்கு ஏறுகிறது. குளிரும் பதற்றமும், நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். 1992 முதல் 2003 வரை நடந்த டைவிங் மரணங்களை ஆராய்ந்தபோது, காரணம் தெரிந்தவற்றில் ஏறக்குறைய கால் பங்கு இதயக் கோளாறு. படிவத்தில் 45 வயது என்ற கோடு இருப்பது இதற்காகத்தான். அந்த வயதில் புகைபிடிக்கிறவர் என்னிடம் வந்தால் நுரையீரலோடு நிறுத்த மாட்டேன், இதய மருத்துவரிடமும் அனுப்புவேன். இன்னொன்று: நைட்ரஜன் குமிழிகளால் வரும் டிகம்ப்ரஷன் நோய் தாக்கியவர்களின் பதிவுகளை வைத்து 2003ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோய் வந்தவர்களில், அதிகம் புகைபிடித்தவர்களுக்கு அது கடுமையாக இருந்தது.

அப்படியென்றால் எத்தனை நாள்? குறைந்தது எட்டு வாரம், முடிந்தால் மூன்று மாதம் என்று நான் சொல்கிறேன். காரணம் இருக்கிறது. மூச்சுக்குழலின் உட்புறம் சளியை மேலே தள்ளுகிற மிக நுண்ணிய இழைகள் உண்டு. புகை அவற்றை மரத்துப்போக வைக்கிறது. விட்ட பிறகு அவை மறுபடி வேலை செய்யத் தொடங்கும்போது, தேங்கிக் கிடந்த சளி வெளியேற ஆரம்பிக்கும். முதல் சில வாரங்களில் இருமல் கூடினாலும் கூடும். "சிகரெட்ட விட்டதுக்கப்புறம்தான் டாக்டர் இருமலே ஜாஸ்தியாச்சு" என்று வந்து நிற்பார்கள். அது குணமாவதன் அடையாளம். ஆனால் அந்த வாரங்களில் டைவிங் போவது தவறு, ஏனென்றால் சளி நகரும் நேரம் அடைப்பும் வரும் நேரம். இரண்டு வாரம் முன்னால் விட்டுவிட்டுப் போகிறவர் சரியாக அந்தக் காலத்தில் தண்ணீருக்குள் இருப்பார்.

அதனால் முதலில் விடும் தேதியைக் குறியுங்கள், அதிலிருந்து மூன்று மாதம் தள்ளி டிக்கெட் போடுங்கள். இந்த யோசனை பலருக்கு உதவியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாக்கெட்டில் அச்சிட்ட புற்றுநோய்ப் படம் அசைக்காத ஒருவரை, நவம்பர் மாதத்துக்குப் போட்ட டிக்கெட் அசைக்கிறது. இருபது வருடம் கழித்து வரக்கூடிய நோய் அவருக்குத் தூரம். மூன்று மாதத்தில் பார்க்கப்போகிற பவளப்பாறையும் ஆமையும் பக்கம். அந்த ஆசையைச் சின்ன விஷயம் என்று எந்த மருத்துவரும் ஒதுக்கக் கூடாது.

ஏக்கம் மிகக் கடுமையாக இருப்பது முதல் சில நாட்களில். நிகோடின் சூயிங்கம் உதவும், ஆனால் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீ, காபி குடித்த உடனே போட்டால் நிகோடின் சரியாக உள்ளே போகாது. வேப் பற்றிக் கேட்கிறார்கள். இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட்டுக்குத் தடை இருக்கிறது, நுரையீரலுக்கும் அது நல்லதில்லை. புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் மாத்திரைகளில் இரண்டைப் பற்றி டைவிங் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். புப்ரோபியான் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். தரையில் வலிப்பு வந்தால் காப்பாற்றலாம், தண்ணீருக்கடியில் வந்தால், சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிவிடும். அதைச் சாப்பிடும்போது டைவ் செய்யவே கூடாது. வரெனிக்ளின் பலருக்குக் குமட்டலைத் தரும். வழக்கமான 12 வாரச் சிகிச்சையை முடித்துவிட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும். மூன்று மாத இடைவெளி இங்கேயும் உதவுகிறது.

கிளம்புவதற்கு முன்பு ஸ்பைரோமெட்ரி, அதாவது வேகமாக ஊதிப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ளுங்கள். முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்று, மொத்தம் ஊதியதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழல் அடைப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்போம். நுரையீரலில் காற்றுப் பைகள் உப்பிப் பெரிதாகியிருந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. சிகரெட்டை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தாலும் போடுவதில்லை, அந்தச் சேதம் திரும்பச் சரியாகாது. விட்டும் பலனில்லையா என்று சிலர் மனமுடைந்து கேட்கிறார்கள். பலன் இருக்கிறது: நுரையீரல் மேலும் வேகமாகத் தேய்வது நிற்கிறது, ஒரு வருடத்தில் மாரடைப்பு அபாயம் புகைபிடிப்பவரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகிறது. சிலிண்டர் காற்று இல்லாமல் மேற்பரப்பிலேயே மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங் அவர்களில் பலருக்கு முடியும். அதற்கும் இதயம் ஒத்துழைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

மருத்துவரிடம் போகத் தயக்கமாக இருந்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கூப்பிடுங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் அரசு உதவி எண் அது. தமிழிலும் பேசுவார்கள். எந்த மாதம் டைவிங் போக நினைக்கிறீர்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.