வட்டத்துக்குள் இருந்தால் பக்கமா?

மருத்துவமனை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, சுற்றி 5 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு, உள்ளே இருப்பவர்களுக்கெல்லாம் மருத்துவ வசதி பக்கத்திலேயே இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட படங்கள் என் பார்வைக்கு அடிக்கடி வருகின்றன. வட்டத்தின் நடுவே ஆறு ஓடும், பாலம் எங்கோ தள்ளி இருக்கும். அக்கரையில் நிற்பவருக்கு மருத்துவமனைக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். சுற்றிக்கொண்டு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும்.

அதனால்தான் சாலை வழியே நேரத்தை அளக்க வேண்டும் என்கிறேன். லண்டனிலிருந்து எத்தனை நாளில் எங்கே போய்ச் சேரலாம் என்று ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1881-லேயே உலகப் படத்தில் வண்ணம் தீட்டிக் காட்டினார். இன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து சாலைகளை இறக்கி, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கொடுத்தால் சில நிமிடங்களில் படம் வந்துவிடும். ஆனால் அந்தப் படத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது.

ஒருமுறை ஆம்புலன்ஸ் நிறுத்துமிடங்களுக்காக 15 நிமிட எல்லைகளை வரைந்தேன். நாலு பக்கமும் வண்ணம் விழுந்திருக்க, ஒரு குடியிருப்பு மட்டும் வெள்ளையாக நின்றது. பெரிதாக்கிக்கொண்டே போனேன். குடியிருப்புத் தெருவின் கோடு, பிரதான சாலையைத் தொடுவதற்கு 40 சென்டிமீட்டர் முன்னாலேயே முடிந்திருந்தது. சாதாரண அளவில் பார்த்தால் இரண்டும் சேர்ந்தேதான் தெரியும். மென்பொருளுக்கோ அது முட்டுச்சந்து. அதைக் கவனிக்காமல் அனுப்பியிருந்தால், ஆம்புலன்ஸ் எட்டாத இடம் என்று அந்தக் குடியிருப்பு ஓர் அறிக்கையில் பதிவாகியிருக்கும். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பட்டால் மட்டும் போதாது, சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு புள்ளி இருக்க வேண்டும்.

சிறு இடைவெளிகளைச் சேர்த்துக்கொள்ள 'டோப்பாலஜி டாலரன்ஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. அதில் எண்ணை இடுவதற்கு முன் லேயரின், அதாவது சாலைகள் இருக்கும் தரவு அடுக்கின், அலகைப் பாருங்கள். மீட்டர் என்று நினைத்து 1 போடுவீர்கள். லேயர் அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் இருந்தால் நிலநடுக்கோட்டில் அது சுமார் 111 கிலோமீட்டர்!

எல்லாக் கோடுகளையும் வெட்டி, வெட்டிய இடத்திலெல்லாம் இணைத்துவிடுவதும் தவறு. மேம்பாலமும் அதற்குக் கீழே போகும் சாலையும் படத்தில் குறுக்கே வெட்டிக்கொள்ளும். அங்கே சந்திப்பு உண்டாக்கினால், வண்டி பாலத்திலிருந்து நேரே கீழே இறங்கிவிடுவதாகக் கணக்கு வரும்.

அப்புறம் வேகம். வேகத்தை நீங்கள் குறிப்பிடாத சாலைக்கெல்லாம் க்யூஜிஐஎஸ் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று தானே வைத்துக்கொள்ளும். குறிப்பிட்டாலும், பலகையில் எழுதியிருப்பது அதிகபட்ச வரம்புதான், வண்டி உண்மையில் ஓடும் வேகம் இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் கால் மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் போகலாம். நெரிசலில் வேகம் 25 ஆகக் குறைந்தால் 6.25 கிலோமீட்டர்தான். தூரம் குறைந்த அளவைவிடப் பரப்பு அதிகமாகக் குறையும்: எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சாலை இருந்தால், எட்டும் பரப்பு இரண்டரை மடங்குக்கு மேல் சுருங்கிவிடும். அதனால் காலைக்கும் நள்ளிரவுக்கும் தனித்தனிப் படம் போடுகிறேன். ஒருவழிப்பாதைகள் இருப்பதால், ஆம்புலன்ஸ் கிளம்பிப் போகும் நேரமும் நோயாளியோடு திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

மென்பொருள் தருவது எட்டக்கூடிய சாலைகளின் கோடுகளைத்தான். அவற்றின் வெளிமுனைகளை இணைத்து ஒரே போர்வையாக மூடினால் ஏரியும் காடும்கூட 15 நிமிடத்துக்குள் வந்துவிடும். நான் கோடுகளின் இருபுறமும் கொஞ்ச தூரம் மட்டும் வண்ணம் விடுகிறேன். படம் அழகாக இருக்காது, பரவாயில்லை.

படம் முடிந்ததும் எல்லையோரத்தில் நாலைந்து இடங்களைக் குறித்து, அந்த வழியில் தினமும் வண்டி ஓட்டுபவரிடம் காட்டுகிறேன். "இந்தப் பாதையில மழைக்காலத்துல போக முடியாது சார்" என்று ஒருவர் சொன்னார். மழைக்காலத்துக்கென்று இன்னொரு படம் வரைய வேண்டியிருந்தது.